சைவ நாளில் காய் எங்கே?

அன்புள்ள சகோதரிக்கு,

திருத்தணியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை ஆற அமரப் படித்தேன். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள், போடவில்லை. பதிலை மட்டும் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். நீங்கள் கேட்டிருப்பது உங்கள் ஒரு வீட்டுக் கேள்வி இல்லை.

உங்கள் வீட்டுக்காரருக்கு வந்தது லேசான பக்கவாதம். கையும் பேச்சும் திரும்பிவிட்டன என்பது பெரிய ஆறுதல். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் மருந்துச் சீட்டின் அடியில் ‘காய்கறி, பழம் நிறைய’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அதற்குத்தான் நீங்கள் கேட்கிறீர்கள்: செவ்வாய், வெள்ளி, கிருத்திகை, சஷ்டி எல்லாம் எங்கள் வீட்டில் சைவம், ஆடிக் கிருத்திகைக்கு அவர் புஷ்பக் காவடி எடுப்பதால் அந்த மாதம் முழுக்கவே கவுச்சி கிடையாது, வருஷத்தில் பாதி நாள் சைவமாக இருக்கிற எங்களுக்கு இதற்கு மேல் என்ன காய்கறி?

கோபம் கலந்த கேள்வி. ஆனால் பதிலும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. போன கிருத்திகைக்கு என்ன சமைத்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்களே: முள்ளங்கி சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், ரசம், வடை, அப்பளம், சேமியா பாயசம், மோர், ஆவக்காய். இலை நிறைந்துதான் இருக்கிறது. இதில் காய் எங்கே? சாம்பாரில் முள்ளங்கி நாலு துண்டு. உருளைக்கிழங்கை உலக சுகாதார நிறுவனம் காய்கறிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதில் இருப்பது பெரும்பாலும் மாவு. வடையும் அப்பளமும் பருப்பும் எண்ணெயும். ஆவக்காயில் மாங்காய் இருக்கிறதே என்பீர்கள். அந்தப் பஞ்சாயத்தைப் பிறகு வைத்துக்கொள்வோம். கறியும் மீனும் எழுந்துபோன இடத்தில் சோறும் எண்ணெய்ப் பலகாரமும் வந்து உட்கார்ந்துகொண்டன. காய்கறி வரவேயில்லை.

கோயம்பேடு சந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கிற சென்னையிலும் இதே கதைதான். டாக்டர் வி. மோகனின் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நகரத்து மக்களின் சாப்பாட்டை விரிவாக ஆராய்ந்தது. காய்கறி, பழம் இரண்டும் சேர்ந்து ஆளுக்கு ஒரு நாளைக்குச் சராசரி 265 கிராம்தான் வந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற குறைந்தபட்ச அளவே 400 கிராம். அந்தச் சாப்பாட்டில் கலோரியில் ஏறத்தாழ பாதி வந்தது எங்கிருந்து தெரியுமா? பட்டை தீட்டிய அரிசி முதலான தானியங்களிலிருந்து. பசியைச் சோறு அடைத்துவிட்ட பிறகு காய்க்கு வயிற்றில் இடம் ஏது?

நம் நாட்டுக் கணக்கு இன்னும் கொஞ்சம் தாராளம். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியின்படி, ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்குக் கீரையும் காய்கறியுமாக 400 கிராம், பழம் 100 கிராம். (இந்த நிறுவனம் 1918-இல் பிறந்தது நம் குன்னூரில். 1958-இல் ஹைதராபாத்துக்குப் போயிற்று. இரண்டு வருஷம் கழித்து, 1960 ஏப்ரல் 1 அன்று உங்கள் திருத்தணி ஆந்திரத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது. ஊட்டச்சத்தைக் கொடுத்து முருகனை வாங்கினோம் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம்.)

400 கிராம் என்பதை உங்கள் அடுப்படிக்குக் கொண்டுவருவோம். உங்கள் வீட்டில் நாலு பேர். அப்படியானால் ஒரு நாளைக்குக் காய்கறியும் கீரையும் 1.6 கிலோ. கால் கிலோ அவரைக்காய் வாங்கி நாலு பேருக்கும் பொரியல் வைக்கிறோம் இல்லையா, அதில் தலைக்கு விழுவது 60 கிராம். காம்பும் நாரும் போனால் அதுவும் இல்லை. இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால், ‘நாங்கள் தினமும் காய் சமைக்கிறோம்’ என்று சொல்லும் பெரும்பாலான வீடுகள் வாயடைத்துப் போகும். உங்கள் டாக்டர் மேல் எனக்கு இருக்கும் ஒரே குறை இதுதான். ‘நிறைய’ என்று எழுதினால் யாருக்கு என்ன தெரியும்? 400 என்று எண்ணை எழுதியிருக்கலாம். அதைவிட முக்கியமாக, ‘சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் காய்’ என்று எழுதியிருக்கலாம். வழக்கமான சோற்றையும் குறைக்காமல் மேலே கூட்டும் பொரியலும் சேர்த்தால் வயிறுதான் பெருக்கும்.

இதெல்லாம் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் உண்மையிலேயே தடுக்குமா, அல்லது டாக்டர்கள் சம்பிரதாயத்துக்குச் சொல்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

கேரளத்தில் பிறந்து கனடாவில் பணிபுரியும் சலீம் யூசுப் என்ற இதய மருத்துவர், 52 நாடுகளில் முதல் மாரடைப்பு வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டு ஒரு பெரிய ஆய்வு நடத்தினார். இன்டர்ஹார்ட் என்று பெயர்; 2004-இல் வெளிவந்தது. புகை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, தொப்பை, மன அழுத்தம், உடலுழைப்பின்மை, மது இவற்றோடு ஒன்பதாவதாக அதில் நின்றது, தினமும் காய்கறி பழம் சாப்பிடாதது. இந்த ஒன்பதும் சேர்ந்தே உலகத்து மாரடைப்புகளில் பத்தில் ஒன்பதை விளக்கிவிட்டன. 2007-இல் அதே ஆய்விலிருந்து இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம் ஆகிய ஐந்து நாடுகளைத் தனியே பிரித்துப் பார்த்தார்கள். நம்மவர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டவருக்குக் கிட்டத்தட்ட 59. தினமும் காய்கறியும் பழமும் சாப்பிடுவதாகச் சொன்னவர்கள், நோய் வராதவர்களிலேயே, நம் பக்கத்தில் 26.5 சதவீதம், மற்ற நாடுகளில் 45.2. உலகத்திலேயே அதிகமாகச் சைவச் சாப்பாட்டுக்காரர்கள் வாழும் தேசம் இந்தியா என்று பெருமைப்படுகிறோம். அந்தப் பெருமைக்கு இந்த எண் இடம் கொடுக்கவில்லை.

டெல்லியிலும் பெங்களூரிலும் எட்டு மருத்துவமனைகளில் நடந்து 2004-இல் வெளியான இன்னோர் ஆய்வு, எனக்கு மிகவும் பிடித்தது, நம் கீரையைப் பற்றியது. வாரத்துக்கு மூன்று நான்கு வேளை கீரை சாப்பிட்டவர்களுக்கு, கீரையை அனேகமாகத் தொடாதவர்களைவிட மாரடைப்பு அபாயம் மூன்றில் ஒரு பங்காக இருந்தது. நோய் வந்தவர்களிடம் பழைய சாப்பாட்டைக் கேட்டுச் செய்த ஆய்வு என்பதால் அந்த அளவை அப்படியே நம்பிவிடக் கூடாது. கீரை சாப்பிடுகிறவர் வேறு நல்ல பழக்கங்களும் உள்ளவராக இருக்கலாம். உலகத்து ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்து 2017-இல் போட்ட கணக்கு நிதானமானது: தினமும் கூடுதலாகச் சாப்பிடும் ஒவ்வொரு 200 கிராம் காய்கறி பழத்துக்கும் இதயநோய் 8 சதவீதமும் பக்கவாதம் 16 சதவீதமும் குறைவாகக் காணப்பட்டன. கவனியுங்கள், பக்கவாதத்தில் பலன் இரட்டிப்பு.

ஏன் என்பதற்கு ரத்த அழுத்தம்தான் முதல் விடை. பக்கவாதத்துக்கு அதைவிடப் பெரிய காரணம் வேறில்லை. காய்கறி, கீரை, பழம் எல்லாவற்றிலும் பொட்டாசியம் இருக்கிறது. நாம் தின்கிற உப்பிலுள்ள சோடியத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ள அது உதவுகிறது. ரத்தக் குழாய்ச் சுவரையும் தளர்த்துகிறது. கீரையில் உள்ள நைட்ரேட் உடம்புக்குள் நைட்ரிக் ஆக்சைடாக மாறி, அதே குழாய்களை விரியச் செய்கிறது. வெண்டை, அவரை, கொய்யா போன்றவற்றின் கரையும் நார், குடலில் பித்த உப்புகளைப் பிடித்துக்கொண்டு வெளியேறும். ஈரல் மறுபடியும் பித்தம் சுரக்க ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ள வேண்டிவரும், அப்படிக் கெட்ட கொழுப்பு இறங்கும்.

இது ஊகம் இல்லை, சாப்பாடு போட்டே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 459 பேருக்கு எட்டு வாரம் ஆய்வாளர்களே சமைத்துக் கொடுத்தார்கள். 1997-இல் முடிவு வந்தது, டாஷ் ஆய்வு என்பார்கள். உப்பைக் குறைக்காமல், எடையைக் குறைக்காமல், காய்கறியும் பழமும் மட்டும் கூட்டியதில் மேல் அழுத்தம் சராசரி 2.8 புள்ளி இறங்கியது. கொழுப்பு நீக்கிய பால், தயிரும் சேர்த்து மொத்தக் கொழுப்பையும் குறைத்தபோது 5.5. ஏற்கெனவே ரத்தக்கொதிப்பு இருந்தவர்களுக்கு 11.4. ஒரு மாத்திரை செய்கிற வேலை அது. சரி, அந்தச் சத்துகளையே மாத்திரையாக விழுங்கிவிட்டால் தொல்லை இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. பிரிட்டனில் 20,536 பேருக்கு வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் மாத்திரைகளை ஐந்து வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். இதயத்துக்கு ஒரு பலனும் இல்லை என்று 2002-இல் தெரிந்தது. காயைத்தான் தின்ன வேண்டும்.

இப்போது ஆவக்காய் பஞ்சாயத்து. ஆந்திர எல்லை ஊர்க்காரரிடம் ஊறுகாயைப் பழிப்பது எவ்வளவு ஆபத்து என்று எனக்குத் தெரியும். ஆனால் ஜாடி போடுகிற அன்று எத்தனை படி கல்லுப்பு கொட்டுகிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும். ஒரு ஆளுக்கு நாள் முழுவதற்கும் சேர்த்து உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும், ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், வடாம், மோர் மிளகாய், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கைக் காலையிலேயே தீர்த்துவிடுகின்றன. காய்கறியின் பொட்டாசியம் ஒரு பக்கம் இழுக்க, ஊறுகாயின் சோடியம் மறுபக்கம் இழுக்கும். பக்கவாதம் வந்தவர் இருக்கும் வீட்டில் ஊறுகாய் ஜாடி பரண் மேல் போவதுதான் என் தீர்ப்பு. உப்பின் கால் பங்கைப் பொட்டாசியம் குளோரைடாக மாற்றிய சமையல் உப்பைச் சீனாவில் 600 கிராமங்களில் கொடுத்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களும் ரத்தக்கொதிப்புள்ள முதியவர்களும் 20,995 பேர். பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது என்று 2021-இல் அறிவித்தார்கள். அந்த உப்பு நம் ஊர்க் கடைகளிலும் கிடைக்கிறது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் தொடக்கூடாது. டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

விலையைப் பற்றி வருத்தப்பட்டிருக்கிறீர்கள். ‘ஆப்பிள் விற்கிற விலைக்கு மாத்திரையே மேல்’ என்ற உங்கள் வரியைப் படித்துச் சிரித்தேன், ஆனால் அது சிரிப்புக்குரிய விஷயம் இல்லை. அதே சலீம் யூசுப் குழு 2016-இல் இதைக் கணக்குப் பார்த்தது. பழம் இரண்டு பங்கு, காய்கறி மூன்று பங்கு என்று வீட்டிலுள்ள எல்லோரும் தினமும் சாப்பிட, ஏழை நாடுகளில் குடும்ப வருமானத்தில் 52 சதவீதம் தேவைப்பட்டது. பணக்கார நாடுகளில் 2 சதவீதம்கூட இல்லை. ‘மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

அதனால் ஆப்பிளை மறந்துவிடுங்கள். காஷ்மீரிலிருந்தும் கடல் தாண்டியும் வருகிற பழத்துக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் அருகே கிடைத்த கௌரவம் அதிகம், சத்தில் அது கொய்யாவுக்கு முன்னால் நிற்காது. கொய்யா, பப்பாளி, வாழை, நெல்லி, ஆடியில் நாவல், ஆவணிக்கு மேல் சீத்தாப்பழம் போதும். காயில் பூசணி, சுரை, பீர்க்கங்காய், புடலை, கொத்தவரை, முட்டைக்கோஸ் எல்லாம் மலிவு விலைக்கு நிறைய எடை நிற்பவை. கீரைக்காரம்மாவிடம் ஒரு கட்டுக்கு இரண்டு கட்டாக வாங்குங்கள். முருங்கைக்கீரைக்குப் பல வீடுகளில் காசே வேண்டாம்.

உங்கள் ஊர் சமையலில் ஏற்கெனவே இருக்கிற சில நல்ல விஷயங்களைத் தூசி தட்டி எடுத்தாலே போதும். தெலுங்கு பேசுகிற வீடுகளில் தோட்டகூர பப்பு, பாலகூர பப்பு என்று கீரையும் பருப்பும் பாதிப்பாதியாக வேகும். நம் சாம்பாரில் காய் மிதக்கும். அவர்கள் பப்பில் பருப்புக்குச் சமமாகக் கீரை நிற்கும். கேழ்வரகுக் களிக்குப் புளிச்சகீரைக் கடைசல் என்பது உங்கள் பக்கத்துப் பழைய சாப்பாடு, எந்த டாக்டரும் அதில் குறை சொல்ல முடியாது, உப்பை மட்டும் பார்த்துப் போட்டால். கிருத்திகை அன்றைக்கு உருளை வறுவலுக்குப் பதில் பூசணிக் கூட்டு, வடைக்குப் பதில் வெள்ளரிக்காய் கோசம்பரி, கூடவே ஒரு கீரை. சோறு ஒரு கரண்டி குறையட்டும். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பழத்தைப் பற்றி ஒன்று. உங்கள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரையும் இருப்பதால் பழமே கூடாது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். கூடாது என்பது இல்லை. சீனாவில் நாலரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், தினமும் பழம் சாப்பிட்டவர்களுக்கு ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதம் கால் பங்கு குறைவாக இருந்தது. அதே ஆய்வில் சர்க்கரை நோயாளிகளைத் தனியே பார்த்தபோதும், பழம் சாப்பிட்டவர்களுக்குச் சிக்கல்கள் குறைவாகவே இருந்தன. ஒரு கொய்யா, அல்லது ஒரு கிண்ணம் பப்பாளி, சோறு சாப்பிட்டவுடன் இல்லாமல் இடைவேளையில் சாப்பிடலாம். மாம்பழ சீசனில் இரண்டு துண்டோடு எழுந்துவிட வேண்டும். பங்கனப்பள்ளி விஷயத்தில் அது கஷ்டம்தான். ஆனால் ஜூஸ் வேண்டாம். எல்லைக்கு அந்தப் பக்கம் சித்தூர் மாவட்டத்துத் தொழிற்சாலைகளில் கூழாகிற தோத்தாபுரி மாம்பழம், நார் பிரிந்து, சர்க்கரையும் தண்ணீரும் சேர்ந்து பாட்டிலில் திரும்பி வருவதை யாரும் பழக்கணக்கில் எழுதக் கூடாது.

சில எச்சரிக்கைகள். ரத்தக்கொதிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீரையை நம்பக் கூடாது. அவரவர் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் 2021-லிருந்து நடக்கிறது, காசில்லை என்ற காரணமும் இல்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் ஆபத்து. அவர்களுக்கு வேறு பட்டியல் தருவார்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது, மருந்தின் வேலை மாறிவிடும். வாரா வாரம் ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும். உங்கள் வீட்டுக்காரரின் சீட்டில் இவை உண்டா என்று பாருங்கள். மலையின் 365 படியை எப்போது ஏறலாம் என்பதையும் டாக்டரையே கேளுங்கள். கார் போகிற பாதை இருக்கிறது, நேர்த்திக்கடன் ஒரு வருஷம் பொறுக்கும்.

கோயில் பேச்சு வந்ததால் ஒரு யோசனை. 2021 செப்டம்பரிலிருந்து உங்கள் கோயிலில் நாள் முழுதும் அன்னதானம் நடக்கிறது. பிறந்தநாளுக்கும் திதிக்கும் உபயம் தருகிறவர்கள் அரிசி மூட்டையைத்தான் முதலில் நினைக்கிறார்கள். வீட்டுக்காரர் குணமானதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்களே, பூசணியும் கீரையும் வாங்கித் தரலாமா என்று அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். அன்றைக்குப் பந்தியில் கூட்டு இரண்டு கரண்டி விழட்டும். மலைக்கு வருகிறவர்களில் ஐம்பதைத் தாண்டியவர்களும் உண்டு.

கடைசியாக, உங்களைப் பற்றி. மூன்று பக்கக் கடிதத்தில் அவர் சாப்பாடு இருக்கிறது, பிள்ளைகள் சாப்பாடு இருக்கிறது, நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வரி இல்லை. எல்லோரும் எழுந்த பிறகு உட்கார்ந்து, பொரியல் தீர்ந்த சட்டியில் சோற்றைப் பிசைந்து ஊறுகாயோடு முடித்துக்கொள்கிற பழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. மாரடைப்பும் பக்கவாதமும் ஆம்பிளை வியாதி இல்லை. நாளைக்குக் காய் நறுக்கும்போது உங்கள் 400 கிராமையும் சேர்த்து எடை போடுங்கள், பரிமாறுவதற்கு முன்பே உங்கள் பங்கை எடுத்து வையுங்கள். உங்கள் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று பார்த்து, அடுத்த கடிதத்தில் அந்த எண்ணை எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்